அறுபத்திரண்டாம் பக்கத்தில் என் அக்கா

அந்தப் புத்தகத்தைப் படித்து அழுதேன் என்று சொன்ன ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஆறவில்லை. நான் சட்டென்று கோபப்படுகிறவன் இல்லை. நாலு பேர் நடுவில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதை எழுதும்போதும் பேனா அழுந்துகிறது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் நான் வேலை பார்க்கிறேன். படித்தது ஐந்தாவது. காலையில் மெட்ராஸ் போகிறவர்கள் சைக்கிளைத் தள்ளிவிட்டு, தகர டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒன்பது மணிக்குப் பிறகு சாயங்காலம் வரை எனக்குத் துணை நானூறு சைக்கிள்கள்தான். யாரோ கேரியரில் விட்டுப்போன வாரப் பத்திரிகையை ஒருநாள் எடுத்துப் படித்தேன். பிறகு அதுவே பழக்கமாகிக் கிளை நூலகத்துக்குப் போனேன். உறுப்பினராக ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஸ்டாண்டுக்கு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போட்டார். நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வாசகர் கூட்டத்துக்கு அவர்தான் செயலாளர். "சும்மா வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? நாலு வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு புதுப் புத்தகம். நாவலாக இருக்கும், கட்டுரையாக இருக்கும். பேசுகிறவர்கள் பேசி முடித்ததும், மீதிப்பேர் வரிசையாக எழுந்து தமக்குப் பிடித்த ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். பிடிக்காத இடத்தைச் சொல்லும் வழக்கம் கிடையாது. என் முறை வரும்போது எழுந்து, "எல்லாமே நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். அதற்கே வியர்த்துப்போகும்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அந்தப் புத்தகம் வந்தது. பட்டணத்து எழுத்தாளர் ஒருவர் கடற்கரை வழியாகவே நடந்து, தெற்கே போகப்போகப் பார்த்ததை எழுதியது. கதை இல்லை, எல்லாம் உண்மை என்று முன்னுரையிலேயே போட்டிருந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் வங்கிக் குமாஸ்தா ஒருவர் அறுபத்திரண்டாம் பக்கத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். தினம் காலையில் என் ஸ்டாண்டில் சைக்கிள் விடுகிறவர். நல்ல குரல்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். விடிந்ததும் ஒரு பெண் மணலில் வந்து உட்காருகிறாள். இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு. புடவைமேல் ஓர் ஆணின் காக்கிச் சட்டை. கடல் கொண்டுபோன கணவனின் சட்டை அது. கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு தூரத்தையே பார்க்கிறாள். உதடுகள் அவனோடு ஏதோ பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கட்டுமரம் கரைக்கு வந்தால் போதும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடுகிறாள், அதில் அவன் முகம் இருக்கிறதா என்று பார்க்க. இல்லை. மறுபடி வந்து உட்காருகிறாள். ஒவ்வொரு நாளும்.

குமாஸ்தாவுக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட் அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம கடற்கரையோட கண்ணீர் இது" என்றார் தலைமையாசிரியர்.

இடது முழங்கைத் தழும்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இட்லிப் பானை சரிந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது என் அக்கா.

என் அக்கா மீன் வாங்கி விற்கிறவள். விடிந்ததும் மணலில் உட்காருவது மரம் வருவதைப் பார்க்க. கட்டுமரத்தை எங்கள் பக்கம் மரம் என்றுதான் சொல்வோம். பாயில் போட்டிருக்கும் ஒட்டுத் துணியைப் பார்த்தே எந்த மரம் யாருடையது என்றும், தண்ணீரில் அழுந்தி வருவதைப் பார்த்தே மீன் கனமா வெறுமையா என்றும் கண்டுபிடித்துவிடுவாள். உதடு அசைவது, எந்த மரத்துக்கு என்ன விலை கேட்பது என்று முனகிக்கொள்வதால். தண்ணீரில் இறங்கி ஓடுவது, மற்றப் பெண்களுக்கு முன்னால் போய் மீனில் கை வைப்பதற்கு. மாமா கடலில் சாகவில்லை. மஞ்சள்காமாலையில் படுத்துச் செத்தார். அந்தச் சட்டை அவருடையதும் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு வருஷம் நான் போட்டு, காலர் நைந்து, அவளுக்குக் கொடுத்த என் சட்டை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். என் முறை வந்தது. எழுந்தேன். இருபது முகங்கள் திரும்பின. எல்லோர் கண்ணும் ஈரமாக இருந்தது.

"எல்லாமே நல்லா இருந்தது" என்றேன்.

எழுதினவன்மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி, நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அக்கா வெறுங்கூடையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மணி பத்து. அந்த நேரத்தில் அவள் மீனோடு பஸ் ஏறியிருக்க வேண்டும்.

"இன்னாக்கா, மீனு படலியா?"

"மீனுக்கு இன்னா கொற? எனக்குத்தான் போணி குடுக்க மாட்டறானுங்க."

போணி என்பது முதல் வியாபாரம். கரைக்கு வந்த மரத்தில் முதல் கூடையை யார் கையில் கொடுக்கிறார்களோ, அன்றைய மீதி விற்பனை அவர் கைராசிப்படி என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. அக்காவுக்குக் கைராசி உண்டு என்று பெயர். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஐந்தாறு மரங்களின் முதல் கூடை அவளுக்குத்தான் வரும். முதல் கூடை என்றால் நல்ல மீன். சங்கராவோ வஞ்சிரமோ பொறுக்கி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விடலாம். அதுதான் அவள் பிழைப்பு. அது நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஒரு வாரப் பத்திரிகை அந்த அறுபத்திரண்டாம் பக்கத்தை மட்டும் எடுத்துப் படத்தோடு போட்டிருக்கிறது. தலைமுடியை விரித்துப்போட்டு, கடலைப் பார்த்துக் கை நீட்டி நிற்கும் பெண். மாமல்லபுரம் தையற்கடைக்காரர் அதை டீக்கடையில் காட்டி, இந்தக் குப்பத்துப் பெண்தான், காக்கிச் சட்டைகூட இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் கேமராவோடு வந்து, மரம் கரையேறுகிற நேரத்தில் அக்காவுக்கு முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அன்றோடு மரக்காரர்களுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. செத்தவனைத் தினம் கரையில் நின்று கூப்பிடுகிறவள் கையில் முதல் மீனைக் கொடுத்தால், கடலுக்குள் போகிறவன் கதி என்ன?

"மாமா கடல்ல சாவலன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். அவுரு பொணத்த தூக்கனவனே ரெண்டு பேரு கீறான். ஆனா அச்சுல வந்துடுச்சாமே. 'ராத்திரி கனவுல வந்து கூப்புட்டாரா, அத்தத்தான் எழுதிகீறாரா'ன்னு கேக்கறான் ஒருத்தன்."

"எழுதனவரு உங்கிட்ட பேசனாரா?"

"எவன்? ஜிப்பா போட்டுகினு ஒருத்தன் ரெண்டு நாளு சுத்திகினு இருந்தான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா, 'தள்ளி நில்லுய்யா, மரம் வருது'ன்னு சொல்லியிருப்பேன்." கூடையைக் காலால் தள்ளினாள். "நீதான் பொஸ்தகமா படிச்சிகினு கீறியே. அங்க கூட்டத்துக்கெல்லாம் போறியே. அங்க எவனும் இது பொய்யின்னு சொல்லலியா?"

"நான் சொல்றேங்க்கா" என்றேன். எப்போது சொல்லப்போகிறேன், யாரிடம் என்று எனக்கே தெரியவில்லை.

வழி தானாக வந்தது. எழுத்தாளரே அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறார் என்று நூலகப் பலகையில் சாக்குக்கட்டியில் எழுதியிருந்தார்கள். அந்த மாதம் முழுக்கச் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று பேசிப் பார்த்தேன். இரண்டே காரியம்தான் கேட்க வேண்டும். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். பத்திரிகைக்கு இரண்டு வரி, இது தவறு என்று எழுத வேண்டும். அச்சில் வந்ததை நம்பினவர்கள், அச்சில் வந்தால்தான் மாற்றிக்கொள்வார்கள்.

எழுத்தாளர் நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். மெதுவான பேச்சு. மாலை போட்டதும் கழற்றி மேசைமேல் வைத்தார். எல்லோரும் தமக்குப் பிடித்த இடத்தைச் சொன்னார்கள். பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் அறுபத்திரண்டாம் பக்கத்தையே சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது.

"ஐயா, அந்தப் பொண்ணு என் அக்கா" என்றேன்.

கூட்டம் முழுக்க "ஆ" என்று ஒரு மூச்சு. டைப்பிஸ்ட் அம்மாள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். நான் அவசர அவசரமாகச் சொன்னேன். மாமா எப்படிச் செத்தார், சட்டை யாருடையது, எதற்கு ஓடுகிறாள், போணி எப்படி நின்றது. வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. கடைசியில், "அந்தப் பக்கத்த எடுத்துடுங்க ஐயா, அவங்க பொழப்பு போவுது" என்று முடித்தேன்.

எழுத்தாளர் கவனமாகக் கேட்டார். பிறகு, "போணிங்கிறது என்ன, இன்னொரு தரம் சொல்லுங்க?" என்றார்.

சொன்னேன். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "கைராசி... முதல் கூடை... அருமையான விஷயம்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நோட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருக்க வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நான் நிருபர் இல்லைங்க," என்றார். "உங்க அக்கா ஒருத்தியை மட்டும் நான் எழுதலை. கரையில காத்திருக்கிற எல்லாப் பெண்களையும் அந்த முகத்துல பார்த்தேன். சட்டை யாருடையதுன்னா என்ன, அந்தப் பார்வை உண்மைதானே?"

கை தட்டினார்கள். என் அக்காவைப் பற்றி, என் முன்னால்.

"முன்னுரையில எல்லாம் உண்மைன்னு போட்டிருக்கீங்களே" என்றேன். கைதட்டலில் அது கேட்டதா தெரியாது.

டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்தாள். "தப்பா நினைக்காதீங்க. உங்க அக்கா மனசுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கே தெரியாத துக்கத்தை சார் பார்த்திருக்கலாம் இல்லையா?"

"மனசுக்குள்ள வஞ்சிரம்தாம்மா இருக்கு" என்றேன். சிலர் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

"சரி, சரி, உட்காருங்க," என்றார் தலைமையாசிரியர். "இது இலக்கியக் கூட்டம். குடும்ப விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்." ஜாமீன் போட்டவர் சொல்கிறார். உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே அந்தப் புத்தகத்தை என் கார்டில் எடுத்தேன். இவர்கள் எல்லோரும் கருத்துச் சொல்லிவிட்டார்கள். யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர்களில் ஒருவன்கூட இதைப் படிக்கவில்லை. அவர்கள் பார்த்தது ஒரு படம், கேட்டது தையற்கடைக்காரர் வாய். முழுசாகக் கேட்கட்டும்.

மறு வாரம் லீவு போட்டுவிட்டுப் போனேன். வெயில் ஏறின நேரம். மரங்கள் கரையேறி, கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போட்டிருந்தார்கள். சவுக்கு நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றாள். நான் மணலில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். அதிசயமாக எனக்குக் குரல் நடுங்கவில்லை. யாரோ எழுதினதைத்தானே படிக்கிறேன், என் பேச்சு இல்லையே.

எங்கள் குப்பத்தைப் பற்றி நாலு பக்கம். "நங்கூரமிட்ட கட்டுமரங்கள் அலைகளில் ஆடிக்கொண்டிருந்தன" என்று முதல் வரி.

"இன்னாது?" என்றார் ஒரு பெரியவர். "மரத்துக்கு நங்கூரமா? இன்னொரு வாட்டி படி நைனா."

படித்தேன். வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"எந்த மரத்தப்பா பாத்தான் அவன்? ஆர்பர்ல கப்பல பாத்துட்டு வந்துட்டானா?"

மீனவர்கள் பாடிக்கொண்டே கரை சேர்ந்தார்கள் என்று அடுத்து வந்தது.

"அல தாண்ட சொல்ல வாய தொறந்தா உப்புத்தண்ணிதான் பாட்டு" என்றான் ஓர் இளவட்டம். "மச்சான், நாளைக்கி நீ பாடிகினு வா, நான் ஆடிகினு வரேன்."

அறுபத்திரண்டாம் பக்கம் வந்தது. சிரிப்பு குறைந்தது. நான் நிறுத்தாமல் படித்தேன். காக்கிச் சட்டை வரி வந்ததும் பெரியவர் கையை உயர்த்தினார்.

"இரு. அது உன் சட்டதான்? சைக்கிள் கம்பெனி சட்ட? பையில டோக்கன் நம்பரு மசி ஒட்டிகினு இருந்துச்சே?"

"ஆமா."

"அடப்பாவி! உசுரோட கீற தம்பி சட்டய செத்தவன் சட்டயாக்கிட்டானே!"

மறுபடி சிரிப்பு. "இவ தண்ணில எறங்கறது புருசன் மூஞ்சிய பாக்கவாம். என் மூஞ்சிய என்னிக்காவது பாத்துகீறாளா இவ? கூடைலதான் கண்ணு!" அக்காவும் சிரித்தாள். இருபது படித்தவர்கள் அழுத இடத்தில் பன்னிரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இதைவிட நல்ல விமரிசனத்தை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்கட்டும் என்று அக்கா காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நாளைக்கி போணி எனக்குத்தான்?"

ஒருவரும் நிமிரவில்லை. வலையை எடுத்துக்கொண்டார்கள்.

"சிரிப்பு வேற அக்கா," என்றான் இளவட்டம், தலையைத் தூக்காமல். "பொய்யின்னு எங்களுக்கும் தெரியும். ஆனா இன்னாவோ சொல்லிட்டான். சொன்னது சொன்னதுதான். தண்ணில போறவன் நானு."

பெரியவர் ஒருவர்தான் மறுநாள் முதல் கூடையைக் கொடுத்தார். அன்றைக்கு அவர் மரத்தில் இருந்ததே ஒன்றரைக் கூடை. அதற்கடுத்த நாள் வலை கிழிந்து வந்தது. மூன்றாம் நாள் அவரும் அக்காவைப் பார்க்காததுபோல் கூடையை வேறு பெண் பக்கம் நீட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் புத்தகம் எழுதவில்லை.

இப்போது அக்கா விடியுமுன் கிளம்பி, மணலிலேயே ஒன்றரை மணி நேரம் நடந்து தெற்கே இன்னொரு குப்பத்துக்குப் போகிறாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. காக்கிச் சட்டையும் போடுவதில்லை. புது ஆளுக்கு அங்கே யார் போணி கொடுப்பார்கள்? மற்றவர்கள் கழித்த மீனை வாங்கிக்கொண்டு, கால் வீங்கி, இரண்டாவது பஸ்ஸில் வருகிறாள். புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டாம் பக்கம் எழுத்து மாறாமல் இருக்கிறது.

படித்துவிட்டு அவளைப் பார்க்க வருகிறவர்களும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்த்துவிட்டு அப்படியே குப்பத்துக்கு வருகிறார்களாம். அக்கா அங்கே இல்லாததால் டீக்கடைக்காரர் கரையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு பெண்ணைக் கைகாட்டிவிடுகிறாராம். அவர்கள் தூரத்தில் நின்று பார்த்துக் கண் கலங்கி, டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் வங்கிக் குமாஸ்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பின்னால் ஏழெட்டுப் பேர் டோக்கனுக்கு நின்றார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து உங்க அக்காவைப் பார்த்தேன். கிட்டப் போகலை. மனசு வரலை."

"எப்படி இருந்தாங்க?"

"ஒல்லியா, உயரமா, தலையெல்லாம் வெள்ளை. ஒரு கூடையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க."

என் அக்கா குள்ளம். தலையில் நாலு முடிதான் வெள்ளை. "அது என் அக்கா இல்ல சார்" என்றேன்.

அவர் அன்று நல்ல குரலில் படித்தாரே, அதே குரலில், "யாராயிருந்தா என்ன? அவங்களும் காத்துக்கிட்டுத்தானே இருக்காங்க" என்றார்.

"மீனுக்கு சார்!" என்று கத்தினேன். "மீனுக்கு! மரம் வருதா, அதுல மீனு கீதான்னு பாத்துகினு இருக்கா!"

வரிசையில் நின்ற எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். எட்டு வருஷமாக என் குரலை அவர்கள் கேட்டதே இல்லை.

குமாஸ்தா கையை விட்டுவிட்டு டோக்கனை எடுத்துக்கொண்டு போனார். இப்போது அவர் சைக்கிளைத் தெற்குப் பக்கத்து ஸ்டாண்டில் விடுகிறார். வாசகர் கூட்டத்தில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறார். நான் இன்னும் போகிறேன். என் முறை வரும்போது எழுந்து நின்று, எந்தப் புத்தகமானாலும், இதில் வருகிற ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தார்களா என்று கேட்கிறேன். பதில் வரும்வரை உட்காருவதில்லை. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.